பெயர் மறந்தாலும் பதிகம் மறவாதது ஏன்?

பெற்ற மகளின் பெயரைச் சொல்லத் தடுமாறும் முதியவர், இளமையில் மனனம் செய்த பதிகத்தின் முதல் அடியை யாரேனும் எடுத்துக் கொடுத்தால், இறுதிப் பாட்டு வரை பிழையின்றிப் பாடி முடிப்பதைப் பல இல்லங்களில் காணலாம். அதைக் கேட்டு நெகிழ்வோர் உண்டு. ‘காலையில் மாத்திரை சாப்பிட்டது நினைவில்லை, பாட்டு மட்டும் நினைவிருக்கிறதா?’ என்று ஐயுறுவோரும் உண்டு. மறந்ததுபோல் நடிக்கிறார் என்று எண்ணிக் கடிந்து பேசுவதும் சில வீடுகளில் நிகழ்கிறது. அந்த ஐயம் தவறானது. மூளையின் அமைப்பைச் சிறிதளவு அறிந்தாலே, இவ்விரண்டும் ஒரே மனிதரிடம் ஒருங்கே அமைவது இயல்பு என்பது விளங்கும்.

வளர்ந்த மனிதரின் மூளை ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம் எடை உடையது. உடல் எடையில் அது 2 சதவீதம் மட்டுமே. ஆயினும், உடல் ஓய்வில் இருக்கும்போது செலவிடும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. வெளிப்பார்வைக்கு ஒரே பொருளாகத் தோன்றினாலும், அதனுள் பணிகள் பகுக்கப்பட்டுள்ளன. பெரிய ஆலயம் ஒன்றில் அர்ச்சகர், ஓதுவார், மடைப்பள்ளிப் பணியாளர், நாகஸ்வரக் கலைஞர், மெய்க்காவலர் எனப் பலரும் தத்தம் கடமையைச் செய்ய, ஒரே பூஜை நிறைவேறுகிறது. அவர்களுள் ஒருவர் வர இயலாத நாளிலும் மற்றவர்களின் பணி நின்றுவிடுவதில்லை. மூளையும் அத்தகையதே.

அன்பர் ஒருவர் ஆலயம் சென்று வழிபடும் வேளையை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். அவருடைய மூச்சையும் இதயத் துடிப்பையும் அவர் அறியாமலே நடத்திவருவது, கழுத்துக்கு மேலே அமைந்த மூளைத்தண்டு. உறக்கத்திலும் ஓயாத பணி அது. பிராகாரத்தைச் சுற்றிவருகையில் கால் இடறாமல் உடலைச் சமன் செய்வது, பின்தலையின் அடியில் உள்ள சிறுமூளை. அளவில் மூளையின் பத்தில் ஒரு பங்கே என்றாலும், மூளையின் நரம்பணுக்களில் பாதிக்கு மேற்பட்டவை அதனுள் அடங்கியுள்ளன.

இவற்றின் மேலே கவிந்திருப்பது பெருமூளை. தீபாராதனையின் ஒளியைக் காண்பது கண் என்று கூறினாலும், கண்டதை உருவமாக உணர்வது பிடரிப் பகுதி. மணியோசையையும் மந்திர ஒலியையும் கேட்டறிவது, காதுக்கு அருகில் உள்ள பொட்டுப் பகுதி. உள்ளங்கையில் விழும் தீர்த்தத்தின் குளிர்ச்சியை அறிவது உச்சிப் பகுதி. வரிசையில் முந்திச் செல்லத் துடிக்கும் மனத்தை அடக்கி, ‘சற்றுப் பொறு’ என்று நிறுத்துவது நெற்றிப் பகுதி. பெருமூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தையும், வலப்பாதி இடப்பக்கத்தையும் இயக்குகின்றன.

பேச்சுக்கும் தனி இடம் உண்டு என்பதை 1861-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவர் பால் புரோக்கா எடுத்துக்காட்டினார். அவரிடம் வந்த நோயாளி ஒருவர் பிறர் பேசுவதைப் புரிந்துகொண்டார். ஆனால் ‘டான்’ என்னும் ஓரசையைத் தவிர ஏறத்தாழ எதையும் அவரால் சொல்ல இயலவில்லை. அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்தபோது, இட நெற்றிப் பகுதியில் சிதைவு காணப்பட்டது. அவ்விடம் இன்றும் புரோக்காவின் பெயராலேயே வழங்குகிறது. அப்பகுதி பாதிக்கப்பட்டு ஒரு சொற்றொடரைக்கூடப் பேச இயலாத சிலர், முன்பே அறிந்த பாடலைச் சொற்களோடு பாடக் கூடியவராக இருப்பதையும் மருத்துவ உலகம் அறிந்துள்ளது.

இனி நினைவு. பொட்டுப் பகுதியின் உட்புறத்தில், கடற்குதிரை போல் வளைந்த சிறிய உறுப்பு ஒன்று பக்கத்துக்கு ஒன்றாக உள்ளது. அதன் பெயர் ஹிப்போகேம்பஸ். அதன் பணி என்ன என்பதை உலகுக்கு உணர்த்தியவர், அமெரிக்க நாட்டைச் சேர்ந்த ஹென்றி மொலைசன். கடும் வலிப்பு நோயால் வருந்திய அவருக்கு 1953-ஆம் ஆண்டு, 27-ஆம் வயதில், அறுவை சிகிச்சை செய்து, இருபுறத்து ஹிப்போகேம்பஸிலும் பெரும்பகுதியை அகற்றினர். வலிப்பு தணிந்தது. ஆனால் அன்று முதல் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. சிறுவயது நினைவுகள் பல இருந்தன; அறிவு குன்றவில்லை; பேச்சும் பண்பும் மாறவில்லை. எனினும், சற்று முன் சந்தித்தவரை மீண்டும் காணும்போது புதியவராகவே கருதினார். 2008-ஆம் ஆண்டில் தமது 82-ஆம் வயதில் இறக்கும் வரை அந்நிலை நீடித்தது.

அவரைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த பிரெண்டா மில்னர் என்னும் அம்மையார் ஒரு சோதனை செய்தார். கையை நேரே பார்க்க இயலாதவாறு மறைத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திர வடிவத்தை வரையச் செய்தார். நாளுக்கு நாள் மொலைசனின் கை தேர்ச்சி பெற்றது. ஆனால் அதற்கு முன் அப்பயிற்சியைச் செய்ததாக ஒருநாளும் அவருக்கு நினைவில்லை. மனம் அறியாததைக் கை அறிந்திருந்தது. நிகழ்ச்சிகளை நினைவில் பதிப்பது ஒரு வழி, பழக்கத்தால் படிவது வேறொரு வழி என்பது இதனால் உறுதிப்பட்டது. பின்னதில் சிறுமூளைக்கும், பெருமூளையின் ஆழத்தில் உள்ள நரம்பு முடிச்சுகளுக்கும் பெரும்பங்கு உண்டு.

இங்கிலாந்தின் இசைக் கலைஞர் கிளைவ் வேரிங்கின் நிலை இன்னும் வியப்புக்குரியது. 1985-ஆம் ஆண்டு ஒரு வைரஸ் மூளையைத் தாக்கியதால், அவருடைய நினைவு சில விநாடிகளுக்கு மேல் நிற்காது போயிற்று. ஆயினும் இசைக் கருவியின் முன் அமர்ந்தால் வாசித்தார். பாடகர் குழுவை முன்னின்று நடத்தவும் செய்தார். மனைவி அறைக்குள் வரும்தோறும் நெடுங்காலம் கழித்துக் கண்டவர்போல் அன்புடன் வரவேற்றார். நிகழ்ச்சிகள் அழிந்தன, இசையும் அன்பும் அழியவில்லை.

முதுமையில் வரும் மறதி நோய்களுள் மிகுதியாகக் காணப்படும் அல்சைமர் நோய், ஹிப்போகேம்பஸையும் அதைச் சூழ்ந்த இடங்களையும் தொடக்கத்திலேயே தாக்குகிறது. ஆகவேதான் காலையில் நடந்தது முதலில் மறைகிறது. அறுபது ஆண்டுகளுக்கு முன் நடந்தது நிற்கிறது. நாள்தோறும் ஓதி ஓதி ஊறிய பதிகம் ஓரிடத்தில் மட்டும் தங்குவதன்று. சொல், இராகம், தாளம், நாவின் அசைவு எனப் பல இடங்களில் அது படிந்திருக்கிறது. ஓரிடம் நலிந்தாலும் பிற இடங்கள் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. சூடத்தின் மணமும் துளசியின் மணமும் பழைய நினைவைத் திடீரென எழுப்புவதற்கும் காரணம் உண்டு. காட்சியும் ஒலியும் தலாமஸ் என்னும் நடுநிலையத்தைக் கடந்தே மேலே செல்கின்றன. மணமோ அங்கு நில்லாமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய இடங்களை நேரே அடைகிறது.

இதனை அறிந்த குடும்பத்தார் செய்யத்தக்கவை சில உண்டு. மறதி மிகும்போது, ‘வயதானால் இப்படித்தான்’ என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியவற்றாலும் மறதி வரலாம். இவற்றுக்குத் தீர்வு உண்டு. மெல்ல வரும் மறதி வேறு, திடீரென வருவது வேறு. முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை சட்டெனத் தோன்றினால் அது பக்கவாதமாக இருக்கலாம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டியிருப்பதால், ‘சற்றுப் படுத்திருக்கட்டும்’ என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

மறதி வந்துவிட்ட முதியவரை, ‘நான் யார், சொல்லுங்கள்’ என்று சோதிப்பது அவரை நாணச் செய்யும். ‘உங்கள் மகள் வந்திருக்கிறேன் அப்பா’ என்று தானே சொல்லி அருகில் அமர்வது நலம். ‘அவருக்கு என்ன தெரியப்போகிறது’ என்று ஆலயத்துக்கு அழைத்துச் செல்லாமல் விடுவதும் தகாது. கூட்டமில்லாத வேளையில் கைபிடித்து அழைத்துச் சென்று, சந்நிதியில் முதல் அடியை எடுத்துக் கொடுத்தால் போதும். வீடு திரும்பியபின், கோயிலுக்குச் சென்றதையே அவர் மறந்திருக்கலாம். ஆனால் அங்கு அடைந்த அமைதி அதனோடு போய்விடுவதில்லை; நிகழ்ச்சி மறைந்த பின்னும் அதன் உணர்வு சில பொழுது நெஞ்சில் தங்குகிறது. அடியவரை இறைவன் அறிவான். அடியவர் தம் பெயரைச் சொல்ல வேண்டும் என்று எந்தச் சந்நிதியிலும் அவன் கேட்பதில்லை.