தந்தி வாங்கும் முன்...

நம் பிள்ளைகள் எலெக்ட்ரிக் கிதார் கேட்டால் சிரமப்பட்டாவது வாங்கித் தருகிறோம். தந்தியை மட்டும் கடைக்காரர் கொடுத்தபடி வாங்கி வருகிறோம். இது சரியல்ல.

என் பேரனுக்கு நானும் அப்படித்தான் வாங்கினேன். கிடைத்தது சாதாரண கிதாருக்கான, வெண்கலம் சுற்றிய தடித்த தந்தி. மெல்லிய தந்தி இரண்டும் அலறின. சுற்றுத்தந்தி நான்கும் முனகின. பிக்-அப் என்பது காந்தம். இரும்பின் அசைவையே உணரும், வெண்கலத்தை உணராது. ரயில்வேயில் உலோகத்தோடு பழகிய நான் இதை யோசித்திருக்க வேண்டும். விரல் கன்றிப்போய், "வேண்டாம் தாத்தா" என்று பேரன் கிதாரை மூலையில் சாத்திவிட்டான்.

பிறகு 0.009 அங்குலத்தில் தொடங்கும் மெல்லிய செட் மாற்றினோம். மறுபடி எடுத்தான். விரல் பழகியபின் 0.010க்குப் போகலாம், நாதம் கனக்கும்.

சுத்த நிக்கல் சுற்று இதமாக ஒலிக்கும். ஸ்டெயின்லெஸ் கணீரென்றிருக்கும், துருவைத் தாங்கும்; ஆனால் மெட்டுகளை விரைவில் தேய்க்கும். நிக்கல் பூசிய எஃகு நடுத்தரம். தொடங்குபவருக்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

மும்பை வியர்வைக்கு எந்தத் தந்தியும் கறுக்கும். வாசித்ததும் உலர்ந்த துணியால் துடைத்தால் ஆயுள் கூடும். துணிக்குச் செலவில்லை. விரல் நோகாத பிள்ளைதான் நாளையும் வாசிப்பான்.