பழைய புல்லட்டின் உச்சவேகம்: தவறாகக் கேட்கப்படும் ஒரு கேள்வி

நெய்யாற்றின்கரை வட்டத்துச் செங்கல் பகுதியினருக்குத் தமிழக எல்லையை நோக்கிச் செல்ல இன்று இரண்டு சாலைகள் உள்ளன. ஒன்று, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை எனக் கடைத்தெருக்களை ஊடுருவிக் களியக்காவிளை சென்றடையும் பழைய நாகர்கோவில் சாலை. மற்றொன்று, கழக்கூட்டத்தில் தொடங்கிக் காரோட்டில் முடியும் நான்குவழிப் புறவழிச்சாலை. இதன் முக்கோலை–காரோடு பகுதி, ஏறத்தாழ 16 கிலோமீட்டர், காங்கிரீட்டால் ஆனது. வளைவும் நெரிசலும் மிகுந்த பழைய சாலையில் எழாத கேள்வி ஒன்று புதிய சாலையில் எழுகிறது: தந்தையோ பாட்டனோ விட்டுச்சென்ற புல்லட் அதிகபட்சம் எவ்வளவு வேகத்தில் ஓடும்?

கேள்விக்கு நேரான விடை உண்டு. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் உருவாகி, ஏறத்தாழ 2010 வரை விற்பனையில் இருந்த வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டின் கொள்ளளவு 346 சிசி. உருளையின் விட்டம் 70 மில்லிமீட்டர்; பிஸ்டன் ஏறியிறங்கும் நீளம் 90 மில்லிமீட்டர். ஆற்றல் 18 குதிரைத்திறன். நல்ல நிலையில் உள்ள வண்டி, சமதரையில், ஒருவரை மட்டும் சுமந்து, மணிக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டரை எட்டும். அதற்கு மேல் எட்டியதாகச் சொல்லப்படும் கதைகளில் பெரும்பாலானவை கேபிளில் இயங்கும் பழைய வேகமானியை நம்பியவை. அத்தகைய மானிகள் உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டுவதே வழக்கம்.

110-இல் வண்டி திணறுவது எஞ்சினின் குறைபாடு அன்று. வேகம் கூடும்போது காற்றின் தடை வேகத்தின் இருமடியாகவும், அதை வெல்லத் தேவையான ஆற்றல் மும்மடியாகவும் உயர்கின்றன. 110-இல் காற்றைப் பிளக்கச் செலவாகும் ஆற்றலில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் குறைவானது 80-க்குப் போதும். 110-ஐ 140 ஆக்க வேண்டுமாயின் இருமடங்கு ஆற்றல் வேண்டும். சைலன்சரையும் காற்று வடிகட்டியையும் மாற்றுவதால் ஓசை மாறும்; இந்தக் கணக்கு மாறாது.

ஆனால் ஒரு வண்டி ஒருமுறை தொடும் வேகமும், அது மணிக்கணக்கில் தாங்கும் வேகமும் வேறுவேறு. நெடும்பயணத்திற்குப் பொருளுடையது இரண்டாவதே. எஞ்சின் ஒருமுறை சுழலும்போது பிஸ்டன் 180 மில்லிமீட்டர் பயணம் செய்கிறது. உச்ச ஆற்றல் தரும் 5,600 சுழற்சிகளை ஒட்டிய நிலையில் அதன் சராசரி வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். எஞ்சினைக் குளிர்விப்பது எதிர்க்காற்று மட்டுமே. கனெக்டிங் ராடின் கீழ்முனையில் உருளைத் தாங்கி கிடையாது. எண்ணெய்ப் படலத்தை நம்பி வாழும் மிதக்கும் புஷ்தான் உண்டு. சித்திரை வெயிலில் அரைமணி நேரம் திராட்டிலை முழுதும் திருகிப் பிடித்தால், எண்ணெய் இளகி, படலம் மெலிந்து, பிஸ்டன் சுவரைக் கவ்விக்கொள்ளக்கூடும். அப்போது பின்சக்கரமும் பூட்டிக்கொள்ளும். தாழ்ந்த சுழற்சியில் இழுவிசை தருவதற்கே நீண்ட ஸ்ட்ரோக்கும் கனத்த பிளைவீலும் அமைக்கப்பட்டன. பாரம் ஏற்றிக்கொண்டு மேடேறுவதே அவ்வெஞ்சினின் சிறப்பு, விரைந்தோடுவது அன்று.

நிற்கும் திறன் இதனினும் முதன்மையானது. முன்னும் பின்னும் டிரம் பிரேக்குடன் வந்த பழைய வண்டி வினாடிக்கு வினாடி 5 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைப்பதாகவும், ஓட்டுநர் இடரை உணர்ந்து பிரேக்கைத் தொட ஒரு வினாடி ஆவதாகவும் கொள்வோம். 60-இல் வரும் வண்டி நிற்க 44 மீட்டர் வேண்டும். 80-இல் 72 மீட்டர். 110-இல் 124 மீட்டர். டிரம் சூடேறிப் பிடிப்பு தளர்ந்தால் இத்தொலைவு இன்னும் நீளும். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகள் அனைத்திலும் ஏபிஎஸ் வேண்டும் என்ற விதி 2019 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்டியில் ஓட்டுநரின் விரலும் காலுமே அந்தப் பணியைச் செய்தாக வேண்டும். அந்தக் காலும் குழம்பக்கூடும்: பழைய புல்லட்டில் கியர் வலப்புறம், பிரேக் இடப்புறம். புதிய வண்டி ஓட்டிப் பழகியவர் அவசரத்தில் வலக்காலை மிதித்தால் மாறுவது கியர்தான்.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. விரைவுச் சாலையில் மெதுவாகச் செல்வதும் இடர்தானே என்பது அது. பின்னால் வரும் லாரிக்கு 50-இல் ஊரும் பைக் ஒரு தடையே. ஆயினும் கேரளம் 2023 ஜூலை 1 முதல் இருசக்கர வாகனங்களின் வேக வரம்பை 70-இலிருந்து 60 ஆகக் குறைத்துள்ளது. இடப்புறத் தடத்தில் சீராக 60-இல் செல்லும் புல்லட் சட்டத்தை மீறுவதில்லை. தன் எஞ்சினையும் வருத்துவதில்லை. அதற்கு மேல் விரைய விரும்புவோர் சாலையைக் காரணம் காட்டுவது பொருந்தாது.

விரைவதால் கிடைக்கும் ஆதாயத்தையும் கணக்கிடலாம். அந்த 16 கிலோமீட்டர் காங்கிரீட் சாலையை 60-இல் கடக்க 16 நிமிடம். 110-இல் 9 நிமிடத்திற்குச் சற்றுக் குறைவு. மிச்சம் ஏழு நிமிடம். காரோட்டைக் கடந்தபின் குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை நெரிசலில் அந்த ஏழு நிமிடமும் கரைந்துபோகும்.

ஆகவே பழைய வண்டியைப் புதுப்பிக்கும் இளைஞர்கள் பெயின்டுக்கும் குரோமிற்கும் செலவிடுமுன் பிரேக் ஷூ, கேபிள், சக்கரத் தாங்கிகள், டயர் ஆகியவற்றிற்குச் செலவிட வேண்டும். டயர் பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் முதிர்ந்து வெடித்திருந்தால் அது பயனற்றது. வண்டியைக் கைமாற்றித் தரும் மூத்தோரும் அது தொட்ட உச்சவேகத்தைப் பெருமையாகச் சொல்வதைவிட, எந்த வேகத்தில் ஓட்டியதால் அது இத்தனை ஆண்டு உழைத்தது என்பதைச் சொல்லிக் கொடுப்பது நன்று. 110 என்பது அந்த எஞ்சினின் எல்லை. வண்டி ஓட வேண்டிய வேகத்தை அதன் பிரேக்கே முடிவு செய்ய வேண்டும்.