தண்ணீர் கெட்டுப்போனதை யார் நமக்குச் சொல்வது?

 

சம்பளத்தில் ஒரு வெள்ளி குறைந்தால் அன்றைக்கே நமக்குத் தெரிந்துவிடுகிறது. செக்ரோலில் பேர் விடுபட்டால் மறுநாள் காலைப் பெரட்டிலேயே கிராணியாரைப் பிடித்துக் கேட்டுவிடுகிறோம். ஆனால் குடிக்கிற தண்ணீரில் கோளாறு என்றால் அது எப்போது நம் காதுக்கு வருகிறது? பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்ட பிறகு. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் அப்படியே என்று தெரிந்த பிறகு. டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர், ‘எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?’ என்று கேட்ட பிறகு!

தண்ணீர் கெட்டது என்று ஒருவருக்குத் தெரிந்த நேரம் ஒன்று. நமக்குச் சொல்லப்படும் நேரம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் இடைவெளியைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம். நோய் பரவுவதும் உயிர் போவதும் அந்த இடைவெளியில்தான்.

கண்ணுக்குத் தெரியாத கேடு

கோலா கங்சார் வட்டாரம் தண்ணீருக்குப் பஞ்சமில்லாத சீமை. இந்த நாட்டு ரப்பரின் முதல் மரங்களில் சில 1877-இல் வேர் பிடித்த ஊர் இது. பேராக் ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. மலையிலிருந்து ஓடைகள் இறங்குகின்றன. தண்ணீர் தாராளமாய்க் கிடைக்கிறது என்பதாலேயே அதைப் பற்றிக் கேட்கும் பழக்கம் நம்மிடம் குறைந்துபோயிற்று.

2025-ஆம் ஆண்டில் ஊலு பேராக்கில் சுங்கை ருய் ஆறு நிறம் மாறி நீலம் பாய்ந்து ஓடியது. மேலே நடந்த சுரங்க வேலைகள் மீது கேள்வி எழுந்தது. ஆர்செனிக் என்னும் நஞ்சின் பேர் ஊரெல்லாம் அடிபட்டது. அந்த ஆறு பேராக் ஆற்றில் வந்து கலக்கிற ஆறு. அதனால் அது எங்கோ நடந்த சங்கதி என்று கோலா கங்சார்க்காரர்கள் இருந்துவிட முடியாது.

அங்கே ஆறு நிறம் மாறியதால் கண்ணுள்ளவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். நிறம் மாறாமலே தண்ணீர் கெட்டால் என்ன செய்வது? ‘கலங்கலா வந்தா துணி கட்டி வடிச்சிக்குவோம்’ என்பது நம் தாய்மார்களின் பழக்கம். நல்ல பழக்கம்தான். ஆனால் ஆர்செனிக்குக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ருசியும் இல்லை. உர மூட்டையிலிருந்து மழையில் கரைந்து ஓடைக்கு வரும் நைட்ரேட்டும் அப்படித்தான். மனிதக் கழிவும் மாட்டுச் சாணமும் கலந்தால் வரும் ஈ-கோலை கிருமி பளிங்கு போன்ற தண்ணீரிலும் இருக்கும். துணி எதைத் தடுக்கும்?

ஆகவே, தண்ணீரைச் சோதித்தவருக்கு மட்டுமே உண்மை தெரியும். நம் நாட்டில் சுகாதார அமைச்சு 1983 முதல் குடிநீர்த் தரத்தைக் கண்காணிக்கும் தேசியத் திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. சோதனை நடக்கிறது, கணக்கு எழுதப்படுகிறது. அந்தச் சோதனையின் முடிவு லயத்து வாசலுக்கு எந்த வழியாக, எத்தனை மணி நேரத்தில் வந்து சேரும் என்பதே நம் கேள்வி.

வாக்கர்டன் சொல்லும் பாடம்

கனடா நாட்டில், ஒண்டாரியோ மாநிலத்தில், வாக்கர்டன் என்று ஒரு சிற்றூர். சுமார் 4,800 பேர் வாழும் விவசாய ஊர். 2000-ஆம் ஆண்டு மே மாதம் அங்கே பெருமழை கொட்டியது. மாட்டுச் சாணத்தில் இருந்த கிருமி மழைநீரோடு இறங்கி, ஆழமில்லாத ஒரு பொதுக் கிணற்றில் கலந்தது. கிருமியைக் கொல்லப் போடவேண்டிய குளோரின் மருந்தையும் சரியாகப் போடவில்லை.

சோதனைக்கூடம் மே 17-ஆம் தேதியே தண்ணீரில் கிருமி இருக்கிறது என்று தண்ணீர் நிர்வாகத்துக்கு எழுதி அனுப்பிவிட்டது. நிர்வாகம் அந்தத் தாளை வெளியே காட்டவில்லை. ஊரில் பிள்ளைகள் ரத்தபேதியில் விழுந்தார்கள். சந்தேகப்பட்ட சுகாதார அதிகாரிகள் 19-ஆம் தேதியும் மறுநாளும் கேட்டார்கள். ‘தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது’ என்ற பதிலே வந்தது. கடைசியில் 21-ஆம் தேதி சுகாதார இலாகா தானாகவே, ‘கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள்’ என்று அறிவித்தது. அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. 7 பேர் செத்தார்கள். 2,300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள்.

பின்னர் நீதிபதி டென்னிஸ் ஓ’கானர் விசாரணை நடத்தி 2002-இல் அறிக்கை கொடுத்தார். 19-ஆம் தேதியே உண்மையைச் சொல்லியிருந்தால் 300 முதல் 400 பேர் வரை நோயிலிருந்து தப்பியிருப்பார்கள் என்று அதில் கணக்குச் சொன்னார். இரண்டு நாள் மௌனத்தின் விலை அது!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தச் சோதனைக்கூடம் ஒரு தனியார் கூடம். காசு கொடுத்தவருக்குத்தான் அது முடிவைச் சொன்னது. சுகாதார இலாகாவுக்குச் சொல்லவில்லை. அன்றைய சட்டம் அதைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. இத்தனை பேர் பாதிக்கப்பட்ட பிறகுதான், சோதனைக்கூடம் சுகாதார அதிகாரிக்கும் நேராகச் சொல்லவேண்டும் என்று அங்கே விதி செய்தார்கள். தோட்டத்துத் தண்ணீரைச் சோதிக்கக் காசு கொடுப்பவர் யார், முடிவு யார் மேசைக்குப் போகிறது என்று நாம் ஏன் கேட்கவேண்டும் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

சுன்னாகத்துக் கிணறுகள்

நம் இனத்து மக்கள் பட்ட பாடும் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. கிணறுதான் உயிர். சுன்னாகத்தில் அனல் மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரில் கலந்து, வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. 2015-ஆம் ஆண்டு ஜனவரியில் மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா, கூடாதா? ஒரு தரப்பு எண்ணெய் கலந்திருக்கிறது என்றது; இன்னொரு தரப்பு ஆபத்தில்லை என்றது. நடுவில் நின்ற தாய் எந்த வாளியை இறக்குவாள்?

2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மின் நிலையத்தை நடத்திய நார்தர்ன் பவர் நிறுவனம் மக்களுக்கு 2 கோடி ரூபாய் நட்டஈடு தரவேண்டும் என்று உத்தரவிட்டது. தீர்ப்பு வந்தது நல்லதே. ஆனால் நான்கு வருஷம் கழித்து வரும் நட்டஈடு, அன்றைக்கு அடுப்பில் வைத்த தண்ணீரைச் சுத்தமாக்காது. அன்றைக்குத் தேவைப்பட்டது தெளிவான ஒரு சொல்.

நேரம் குறித்த சட்டம்

இப்படிப்பட்ட சொல்லைச் சட்டமாகவே எழுதி வைத்த நாடும் இருக்கிறது. அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டின் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தின் கீழ், தண்ணீர் கொடுப்பவர் விதியை மீறினால் குடிப்பவருக்கு அறிவிக்க வேண்டும். உடனே உயிருக்கு ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள். அவ்வளவு அவசரமில்லை என்றால் 30 நாளைக்குள். சோதனை தவறியது போன்ற குறைகளுக்கு ஒரு வருஷத்துக்குள். என்ன கலந்தது, எப்போது, யாருக்கு ஆபத்து, மாற்றுத் தண்ணீருக்கு என்ன வழி, எப்போது சரியாகும், யாரைக் கேட்பது என்பதெல்லாம் அந்த அறிவிப்பில் இருக்கவேண்டும். இங்கிலீஷ் தெரியாதவர்கள் அதிகமுள்ள இடத்தில் அவர்களுக்குப் புரிய வழி செய்யவேண்டும்.

சட்டம் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. அதே அமெரிக்காவில் பிளின்ட் நகரத்தில் 2014 ஏப்ரலில் தண்ணீரை ஆற்றுக்கு மாற்றினார்கள். அக்டோபரில், இயந்திரப் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை அந்தத் தண்ணீரை வேண்டாம் என்று ஒதுக்கியது. மக்களுக்கோ, ஈயம் கலந்ததால் இந்தத் தண்ணீர் ஆகாது என்ற எச்சரிக்கை 2015-ஆம் ஆண்டு இறுதி நெருங்கும்போதுதான் வந்தது. இரும்புக்கு முந்திக் கிடைத்த இரக்கம் ஏழைப் பிள்ளைக்குப் பிந்தித்தான் கிடைத்தது. சட்டத்தைப் பிடித்து உலுக்கிக் கேட்கும் கை இல்லாவிட்டால் அது வெறும் காகிதம்.

நம் பக்கம் என்ன இருக்கிறது?

நமக்கும் சட்டங்கள் உண்டு. 446-ஆவது சட்டம் என்று நாம் சொல்லும் 1990-ஆம் ஆண்டின் வீடமைப்பு, வசதிகள் சட்டம், தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்கு இலவசமாகவும் போதுமான அளவும் குழாய்த் தண்ணீர் கொடுப்பது முதலாளியின் கடமை என்கிறது. 2006-ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில் சட்டம், தண்ணீரைக் கெடுத்தவனுக்குச் சிறையும் பெரும் அபராதமும் விதிக்கிறது. அதைக் கவனிக்க ஸ்பான் என்னும் ஆணையமும் இருக்கிறது.

ஆனால் நாம் சங்க வேலையாகப் போய்வரும் தோட்டங்களில், தண்ணீர் பற்றிய அறிவிப்பு என்பது துரையின் நல்ல மனசைப் பொறுத்த காரியமாகவே இருந்துவருகிறது. நல்ல துரை சொல்லி அனுப்புகிறார். மற்றவர் ‘வீணாக ஏன் ஜனங்களைப் பயமுறுத்த வேண்டும்?’ என்று பைலை மூடி வைக்கிறார். பீதி வரும் என்பது பழைய சாக்கு. சொல்லாமல் விட்டால்தான் பீதி வரும். வாட்ஸ்அப்பில் ஆளுக்கொன்று கிளப்புவார்கள். நல்ல தண்ணீரையும் குடிக்கப் பயப்படுவார்கள். கையெழுத்துப் போட்ட ஓர் அறிவிப்பு பலகையில் தொங்கினால் புரளி அங்கேயே அடங்கிவிடும்.

ஆகவே நம் சங்கம் மாப்பாவோடு அடுத்து உட்கார்ந்து பேசும் கூட்டு ஒப்பந்தத்தில், வெள்ளி கணக்கோடு சேர்த்து இந்தத் தண்ணீர்க் கணக்கையும் மேசையில் வைக்கவேண்டும் என்பது நம் யோசனை.

ஒன்று: ஒவ்வொரு தண்ணீர்ச் சோதனையின் முடிவும் பெரட்டுக் களத்திலும் கோயில் வாசலிலும் ஒட்டப்பட வேண்டும். முடிவு நல்லதானாலும் ஒட்ட வேண்டும்.

இரண்டு: கிருமியோ நஞ்சோ கண்டால் 24 மணி நேரத்துக்குள் லயம் லயமாக ஆள் போய்ச் சொல்லவேண்டும். ஆயக்கொட்டகைக்கும் பள்ளிக்கும் முதலில் சொல்லவேண்டும்.

மூன்று: அறிவிப்பு தமிழிலும் மலாயிலும் இருக்கவேண்டும். இன்றைக்கு நம்மோடு வேலை செய்யும் வங்காளதேசத்தாருக்கும் நேப்பாளத்தாருக்கும் அவரவர் மொழியில் இருக்கவேண்டும். ஒரே குழாயில் குடிப்பவர்களுக்குள் வேற்றுமை என்ன?

நான்கு: அந்த நாட்களில் லாரித் தண்ணீர் இலவசமாக வரவேண்டும். தண்ணீர் பிடிக்க நின்ற நேரத்துக்குச் சம்பளம் வெட்டக்கூடாது.

ஐந்து: சோதனைக்கூடத்தின் முடிவில் ஒரு நகல் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும், ஒரு நகல் சங்கக் கிளைக்கும் நேராகப் போகவேண்டும்.

கொதிக்க வைப்பதா, கூடாதா?

அறிவிப்பில் மிக முக்கியமான வரி இதுதான். தாய்மார்கள் இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். கிருமி கலந்த தண்ணீர் என்றால், தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் கிருமி செத்துவிடும். ஆர்செனிக், நைட்ரேட், மருந்தடிக்கும் களைக்கொல்லி போன்றவை கலந்த தண்ணீர் என்றால் கொதிக்க வைத்துப் பயனில்லை. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, ஆர்செனிக்கும் நைட்ரேட்டும் மிச்சத் தண்ணீரில் இன்னும் கெட்டியாகும். நைட்ரேட் தண்ணீரில் மாவுப்பால் கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட பச்சிளம் பிள்ளையின் ரத்தம் மூச்சுக்காற்றைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாய்ந்துபோகும். ஆகவே ‘தண்ணீர் சரியில்லை’ என்று மொட்டையாக எழுதினால் போதாது. ‘கொதிக்க வைத்துக் குடி’ என்பதா, ‘கொதிக்க வைத்தாலும் குடிக்காதே’ என்பதா, அதை வெட்டவெளிச்சமாக எழுதவேண்டும்.

ஒப்பந்தம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. தண்ணீரின் நிறமோ வாடையோ மாறினால், தேதியும் நேரமும் போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். தெளிவான போத்தலில் பிடித்துக் கைப்பேசியில் படம் எடுங்கள். ஓடைக்கு மேலே மருந்தடித்தார்களா, உரம் போட்டார்களா என்பது அந்த வேலை செய்யும் பெண்களுக்குத்தான் முதலில் தெரியும்; அதையும் எழுதுங்கள். ஒரே வாரத்தில் மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு என்றால் அதையும் சேருங்கள். அதைக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். சுகாதார அலுவலகத்துக்கும் தொழிலாளர் இலாகாவுக்கும் புகார் எழுதி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதிக் கொடுத்ததற்குப் பதில் வந்தாக வேண்டும்.

தண்ணீர் கொடுப்பது முதலாளியின் கடமை என்று சட்டம் சொல்லிவிட்டது. அது கெட்டால் அன்றைக்கே சொல்வதும் அந்தக் கடமைக்குள் அடக்கம் என்று நாம் சொல்லவேண்டும். வரும் கிளைக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுப்புங்கள்: நம் தோட்டத்துத் தண்ணீரைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள், முடிவு எங்கே? பதில் கிடைக்கும்வரை அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்போம்.