காற்பந்தை முதலில் திருடியது யார்?

திருட்டு நேரலையில் காற்பந்து பார்க்கிறவர்களைத் திட்டுவது நம் இலக்கிய நண்பர்கள் சிலருக்கு வாடிக்கையாகிவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் புது நாவலின் பிடிஎஃப் வந்தால் 'நன்றி தோழர்' என்று கும்பிடு போடுகிறவர்கள், பினாங்கு மாமாக் கடையில் ஆண்ட்ராய்டு பாக்ஸ் வழியாக ஆட்டம் ஓடினால் மட்டும் ஒழுக்கம் பேசுகிறார்கள். முதல்ல உங்க கையைக் கழுவிட்டு வாங்க.

பாக்ஸ் விற்கிறவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவன் ஏழைப்பங்காளன் இல்லை. அடுத்தவன் ஒளிபரப்பை எடுத்து நம்மிடமே காசுக்கு விற்கிற இன்னொரு தரகன். 2022 மார்ச் 18-இல் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் அவனைத்தான் குறிவைக்கிறது. 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சரி, இருக்கட்டும். ஆனால் பொதுவில் இருந்த ஆட்டம் எப்படிச் சந்தா கட்டியவனின் சொத்தானது என்ற கேள்வியை அந்தச் சட்டம் கேட்பதில்லை.

1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற்றது நம் அணி. கோல் காவலர் ஆர். ஆறுமுகம், ரசிகர்களின் 'ஸ்பைடர்மேன்'. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அவரைத் தெரிந்தது சந்தா கட்டியா? அரசாங்கத் தொலைக்காட்சியும் வானொலியும் போதுமானதாக இருந்தன.

நம்மூர்க் கதைக்கே வருவோம். 2016 பிப்ரவரி 16, ஜோர்ஜ் டவுன் பண்டாராயா அரங்கு. பஹாங்குக்கு எதிராகப் பினாங்கின் பைஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக், ஒரு பக்கம் போவதுபோல் போய் மறுபக்கம் வளைந்து வலைக்குள் இறங்கியது. அந்தக் காணொளித் துண்டு கைமாறிக் கைமாறி உலகைச் சுற்றியது. ரசிகர்கள் வாக்களித்து ஃபிஃபாவின் புஸ்காஸ் விருது கிடைத்தது. அதையும் பூட்டி வைத்திருந்தால் யார் வாக்களித்திருப்பார்கள்?

'உரிமையை விற்ற காசில்தானே கிளப் பிழைக்கிறது?' என்பார்கள். இங்கிலீஷ் லீக்கை எனக்கு ஓசியில் காட்டு என்று நான் கேட்கவில்லை. அது வியாபாரம், வேண்டியவர் காசு கட்டட்டும். மாநில அணிகளோ நெடுங்காலம் மாநில அரசின் பணத்தை நம்பி நின்றவை. வரி கட்டியவன் இன்னொரு முறை ஏன் கட்டணும்?

பிரிட்டன் ஒன்றும் முதலாளித்துவத்துக்கு எதிரி இல்லை. அங்கே உலகக்கிண்ணமும் எஃப்ஏ கிண்ண இறுதியாட்டமும் 1996 ஒலிபரப்புச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. கட்டணச் சேனல் மட்டும் அவற்றை அள்ளிக்கொண்டு போய்விட முடியாது. இந்தியாவில் 2007-இல் வந்த சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் உள்ளதாக அரசு அறிவிக்கும் ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் சேனல்கள் பிரசார் பாரதியுடன் பகிர்ந்தே ஆகவேண்டும்.

பொறியாளனாகச் சொல்கிறேன்: ஓர் ஆட்டத்தை ஒரு லட்சம் கைப்பேசிகளுக்கு அனுப்புவது இன்று பெரிய தொழில்நுட்பச் சிக்கலே இல்லை. தேவை அரசியல் மனசு. தேசிய அணி, மாநில அணிகள் ஆடும் எல்லா ஆட்டங்களும் ஆர்டிஎம்மிலும் அதன் இணையச் சேவையிலும் இலவசமாக, முழுசாக வரவேண்டும். பாக்ஸ்காரனின் பிழைப்பில் பாதி அன்றைக்கே படுத்துவிடும். இதைக் கேட்க வாய் வராதவர்கள் மாமாக் கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒழுக்கப் பாடம் நடத்த வேண்டாம்.