நாக்குக் கட்டும் அறிவுக் கட்டும்

பிறந்த குழந்தை சரியாய்ப் பால் குடிக்கவில்லையென்றால் நம் ஜனங்கள் முதலில் பார்ப்பது ஜாதகத்தை. பார்க்காதது குழந்தையின் வாயை. மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லையென்றால் கோயிலுக்கு நேர்ந்துகொள்வதும், வசம்பை நாக்கில் தேய்ப்பதும், தாய் செய்த பாவமென்று அவளைத் தூற்றுவதுமாகவே காலங் கழிகின்றது.

நாக்குக் கட்டு என்பது என்ன? நாக்கின் அடியிலுள்ள சிறு சவ்வு குட்டையாகவோ தடித்தோ இருந்து, நாக்கை அசையவொட்டாமல் பிடித்துக்கொள்வதுதான். இதில் பாவத்திற்கு இடமெங்கே? பால் பிடிக்க முடியாமல் குழந்தை இளைத்து, தாய்க்கும் மார்க்காம்பு புண்ணாகுமானால், டாக்டர் அச்சவ்வைக் கத்தரித்து விடுவார். சில நிமிஷ வேலை. உடனே பால் கொடுக்கலாம். நன்றாய்ப் பால் குடிக்கும் குழந்தைக்கு அதுவும் வேண்டியதில்லை. பேசாத குழந்தைக்கோ பெரும்பாலும் குற்றம் நாக்கிலில்லை. காது கேட்கின்றதா என்பதையே முதலில் சோதிக்க வேண்டும்.

கள்ளக்குறிச்சி 2019இல் தனி ஜில்லாவாயிற்று. 2022இல் அங்கு சர்க்கார் மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. ஆனால் கல்வராயன் மலைக் கிராமத்துத் தாய் கைக்குழந்தையோடு அங்கு இறங்கி வருவது சுலபமா? ஆகவே மலையில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் வாயையும் காதையும் மலையிலேயே சோதிக்கச் சர்க்கார் ஏற்பாடு செய்ய வேண்டுமென்று கேட்கின்றோம். பெற்றோர்களை நாம் கேட்பது ஒன்றே: ஜாதகத்தை மூடுங்கள், குழந்தையின் வாயைத் திறந்து பாருங்கள்.