வியர்டுன்னா தலையெழுத்து

ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'வியர்டு'ன்னு சொல்றீங்க, எண்ணிப் பார்த்திருக்கீங்களா? மெஸ் சாம்பார் வியர்டு. லேப் அசிஸ்டென்ட் வியர்டு. யாரோடயும் சேராம தனியா உட்கார்ந்திருக்கிறவன் ரொம்பவே வியர்டு.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு விதி என்று பொருள். வள்ளுவர் 'ஊழ்' என்று ஒரு அதிகாரமே வைத்தாரே, அந்தச் சமாச்சாரம். நம்ம பேச்சில் தலையெழுத்து. இங்கிலாந்தில் வழக்கிழந்து ஸ்காட்லாந்துப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்த சொல்லுக்கு ஷேக்ஸ்பியர் மறுவாழ்வு கொடுத்தார். 'மேக்பத்' நாடகத்தில் வரும் மூன்று சூனியக்காரிகள் 'வியர்டு சிஸ்டர்ஸ்', அதாவது விதியின் சகோதரிகள். ஆனா பின்னாடி வந்தவங்களுக்கு அந்த அர்த்தம் புரியல. 1623-இல் வந்த அச்சுப் பிரதியிலேயே எழுத்துக்கூட்டல் தடுமாறுது! கிழவிகள் பார்க்க ஒரு மாதிரி இருந்தாங்க, அதனால் வியர்டுன்னாலே 'ஒரு மாதிரி' என்று ஆகி, 19ஆம் நூற்றாண்டில் அதுவே நிலைத்தும் விட்டது.

அதாவது, புரியாததால் பிறந்த அர்த்தம். இப்பவும் நமக்கு அதுக்குத்தான் பயன்படுது.

நான் கள்ளக்குறிச்சி டவுன். முதல் வருஷ ரூம்மேட் கல்வராயன் மலைக்காரன், வெள்ளிமலைப் பக்கம். வீட்டிலிருந்து சாமைச் சோறு கட்டிட்டு வருவான், எட்டு மணிக்கே தூங்கிடுவான். சாதிச் சான்றிதழில் 'மலையாளி'ன்னு பார்த்துட்டு "கேரளாவாடா?"ன்னு கேட்டவங்கதான் அதிகம். அது மலையில் வாழும் தமிழ் பேசுற பழங்குடியோட பேரு. அவனை 'வியர்டு'ன்னு முதலில் சொன்னது வேற யாருமில்ல, நான்தான். கோமுகி அணைக்கு எத்தனையோ தடவை போயிருக்கேன், அதுக்கு மேல மலை ஏறினதில்லை. 1976 வரைக்கும் அந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்ததே அவன் சொல்லித்தான் தெரியும்.

புரியலன்னா கேட்கலாமே பாஸ்? வியர்டுன்னு சொல்லிட்டா கேட்கிற வேலை மிச்சம், அவ்வளவுதான்.

2024 ஜூன். கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்துப்போனாங்க. காலேஜ் திறந்ததும் எனக்கு வரவேற்பு: "கள்ளக்குறிச்சியா? பாக்கெட் எங்க மச்சி? உங்க ஊரே வியர்டுடா." சிரிச்சுட்டேன், வேற என்ன பண்றது. அப்புறம் யோசிச்சா, அந்தச் சொல் புது அர்த்தத்திலும் பொருந்தல, பழைய அர்த்தத்திலும் பொருந்தல. மெத்தனாலை யாரோ வாங்கி, யாரோ கலந்து, யாரோ வித்திருக்காங்க. அதுல தலையெழுத்து எங்க வந்துச்சு?

அன்னைக்கு ராத்திரி எட்டு மணி தாண்டியும் ரூம்மேட் தூங்கல. "உங்க தெருவுல யாருக்காவது…?" என்று கேட்டான்.

"பக்கத்துத் தெரு"ன்னேன்.

கொஞ்சம் நகர்ந்து கட்டிலில் இடம் விட்டான்.