"ஒரே நைட்ல முடிச்சேன்" என்ற கெத்து

லீவுக்கு ஊருக்குப் போனால், பிளஸ் டூ படிக்கும் தம்பியோ தங்கையோ நம்மிடம் கேட்கும் கேள்வி: "காலேஜ்ல எப்படிப் படிப்பீங்க?" நாமும் கெத்தாகச் சொல்வோம்: "எக்ஸாமுக்கு முந்தின நைட் உட்கார்ந்தா போதும், அஞ்சு யூனிட்டும் முடிஞ்சிரும்."

தயவுசெய்து இந்தக் கதையை இனிமேல் சொல்லாதீங்க.

ஏன்னா நாம் சொல்வது பாதிக் கதை. அந்த ராத்திரி நாம் உண்மையில் படித்தது ரெண்டு, மூணு யூனிட். மீதி அதிர்ஷ்டம். அது கைவிட்ட செமஸ்டரில் விழுந்த அரியரைப் பற்றி வீட்டில் மூச்சு விட மாட்டோம்.

ஆனால் கேட்கிற பிள்ளை அதை நம்பிவிடுகிறது. பள்ளிக் கணிதம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியது. பிளஸ் ஒன்னில் வகை நுண்கணிதத்தை "அப்புறம் பார்த்துக்கலாம்"னு விட்டால், பிளஸ் டூவில் வகைக்கெழுச் சமன்பாடு கண்ணைக் கட்டும். பொறியியல் கட் ஆஃப் 200-இல் கணிதத்துக்கு மட்டும் 100. இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50. கணக்கில் போகும் ஒரு மார்க், கட் ஆஃபிலும் முழுசாகப் போகும். கவுன்சிலிங்கில் உட்கார்ந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1997-இல் டைஸ், பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். வேலையைத் தள்ளிப்போட்டவர்கள் செமஸ்டர் தொடக்கத்தில் ஜாலியாகத்தான் இருந்தார்கள். கடைசியில் மன அழுத்தமும் உடல் உபாதையும் அவர்களுக்கே அதிகம், மார்க்கும் குறைவு. கல்லூரியிலேயே இப்படி என்றால், ஒரே பொதுத்தேர்வை நம்பியிருக்கும் பிள்ளைக்கு?

அதற்காக "சோம்பேறி"ன்னு திட்டவும் வேண்டாம். பெரும்பாலும் அது சோம்பல் இல்லை, பயம். புரியாத பாடத்தைத் திறந்தாலே ஒரு மாதிரி இருக்கும். மூடி வைத்தால் அந்த நேரத்துக்கு நிம்மதி. அந்த நிம்மதிதான் மறுநாளும் மூடி வைக்கச் சொல்லும். இது நமக்கும் தெரிந்த சமாச்சாரம்தானே?

அடுத்த லீவில் பழைய கதையை விடுங்க. "எந்தச் சாப்டரைத் தொடவே பயமா இருக்கு?"ன்னு கேளுங்க. பக்கத்தில் உட்கார்ந்து முதல் ரெண்டு கணக்கைச் சேர்ந்து போடுங்க. அப்படியே அந்த அரியர் கதையையும் சொல்லிடுங்க. கெத்து கொஞ்சம் குறையும், பரவாயில்லை.